முதலில் இலை, அப்புறம் பெயர்

மஹதிக்கு ஒரு விஷயம் தலைக்குள் புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது. ஒரு காலத்தில் வீணை புகுந்தது, தெருவே பாடுபட்டது. பிறகு இயற்கை வைத்தியம் புகுந்தது, அப்பா பாடுபட்டார். இப்போது ஒரு வருஷமாக உள்ளே வந்து சட்டமாக உட்கார்ந்திருப்பது கிரேக்கர்களின் பழைய காவியம். மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருந்துகொண்டு, பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிற ஒருத்தி, இன்டர்நெட்டைப் பார்த்துக் கிரேக்க எழுத்தைக் கற்றுக்கொண்டு, ரசம் நுரைக்கிற நேரத்தில் அடுப்படியில் நின்று அந்தப் பாட்டை முணுமுணுத்தால் ஒரு வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த வீடு.

அவள் யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. கடலுக்குப் போனவன் அலைந்து திரிந்து கடைசியில் வீடு வந்து சேருகிற கதை அது என்று கேள்விப்பட்டுத்தான் அதைக் கையில் எடுத்தாள். தம்பி கிச்சா கப்பலுக்குப் போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்பா அலையாய் அலைந்து வாங்கிக் கொடுத்த அப்ரெண்டிஸ் வேலையை உதறிவிட்டு, கப்பலில் சமையல்காரனாகப் போகிறேன் என்று வந்து நின்றான். அப்பா கணபதிராமன் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, நடுவில் வேறு நிறம் கிடையாது.

"கண்ட மாமிசத்தையும் கிண்டப் போற கையால ஒரு வாய் ஜலம்கூட வாங்கிக் குடிக்கமாட்டேன். நீ என் பிள்ளையே இல்லை" என்றார்.

"சரி, இல்லை. இனிமே யார் கேட்டாலும் கணபதிராமன் பிள்ளைன்னு சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அம்மா கனகலக்ஷ்மி இருந்திருந்தால் இரண்டு பேர் வாயையும் பொத்தியிருப்பாள். அவள் அதற்கு முன்பே படமாகிச் சுவரில் ஏறிவிட்டாள். மஹதிக்குத் தம்பியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கும். அப்பாவுக்கு வலிக்குமா என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பெயரை அவர் எடுத்ததே இல்லை.

அன்றைக்கு ஆவணியில் அப்பாவின் நட்சத்திரப் பிறந்தநாள். கடலைப்பருப்புப் பாயசம், வடை, வாழைக்காய்ப் பொரியல். சாயங்காலம் கல்லூரியில் மஹதியின் பேச்சு வேறு. ஆகவே காலையிலிருந்தே கிரேக்கம் பொங்கி வழிந்தது.

"கேளுங்கோப்பா. வாசல்ல பிச்சைக்காரன் வரட்டும், ராஜா வரட்டும், முதல்ல கைக்கு ஜலம், உட்கார இடம், வயிறு நிறையச் சாப்பாடு. அதுக்கு அப்புறம்தான் 'நீ யாரு, உன் அப்பா யாரு, எந்த ஊரு, எந்தக் கப்பல்ல வந்தே'ன்னு கேக்கணும். முன்னாடி கேட்டா மஹா பாவம். ஏன்னா வந்தவன் வேஷம் போட்டுண்டு வந்த சாமியாக்கூட இருக்கலாம்."

"நன்னாயிருக்கு" என்றார் அப்பா. "போன வாரம் கூரியர்காரன் வந்தப்போ கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காம குறுக்கு விசாரணை பண்ணினியே. அவன் சாமி இல்லைன்னு உனக்கு யார் சொன்னா?"

மஹதிக்குச் சுருக்கென்றது. வடை எண்ணெய் அளவுக்கு அவளுக்கும் சூடு ஏறிவிட்டது.

"சரி, பந்தயம். இன்னிக்கு முதல்ல யார் பெல் அடிச்சாலும் இலை போடுவேன். கடைசி வாய் உள்ள போறவரைக்கும் பேர்கூடக் கேக்கமாட்டேன். நான் ஜெயிச்சா நீங்க சாயங்காலம் என் பேச்சுக்கு வரணும்."

"தோத்தா?"

"ஒரு மாசம் இந்த வீட்ல கிரேக்கம்ங்கிற வார்த்தையே கிடையாது."

"ஒரு மாசமா!" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ரயில்வேக்காரர் வீட்டில் சாப்பாடு ஒன்பதரைக்கு. இலையில் உப்பு வைக்கும்போது பெல் அடித்தது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மஹதி ஓடிப்போய்க் கதவை மலரத் திறந்தாள்.

காக்கிச் சட்டை, தோளில் துண்டு, உடம்பெல்லாம் வழிப்புழுதி, கையில் வண்டிச் சாவி. நாற்பது வயது இருக்கும்.

"ஏனுங்க, கணபதிராமன் ஐயா வூடு இதுதானுங்களா?"

"இதான். உள்ள வாங்கோ."

"நானுங்க வந்து..."

"ஐயையோ, பேரைச் சொல்லாதீங்கோ!" என்று மஹதி அலறினாள்.

வந்தவர் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார். அதற்குள் அவர் கையில் சொம்புத் தண்ணீரை ஊற்றியாகிவிட்டது. துண்டு நீட்டியாகிவிட்டது. அப்பாவின் பக்கத்திலேயே மணை போட்டு இன்னொரு இலையும் விரித்தாகிவிட்டது. மனிதர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். பசி என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"அம்மிணி, ஒரு சேதி சொல்லோணுமுங்க."

"சேதிக்கு என்ன அவசரம்? சாம்பார் ஆறிப்போயிடும்."

அவர் சாம்பார் சாதத்தை முடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தார். மஹதி அதில் வார்த்தை வருவதற்கு முன்னால் வடையை வைத்துவிட்டாள். ரசத்துக்கு நடுவில் அவர் அப்பாவைப் பார்த்து, "ஐயா, நீங்களாச்சும்..." என்று ஆரம்பித்தார். அப்பா பந்தயத்தில் நடுவர் ஸ்தானத்தில் இருந்தார். "நான் ஒண்ணும் பேசப்படாது. சாப்பிடுங்கோ, எல்லாம் அப்புறம்" என்று கையை விரித்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே குஷி. மகள் எந்த நிமிஷமும் தோற்றுப்போய் 'நீங்க யாரு' என்று கேட்டுவிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தார். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு பரிமாறினாள். யாராக இருக்கும் என்று மண்டை வெடித்தது, ஆனாலும் கேட்கவில்லை. இன்னும் ஸ்வல்ப சாதம், இன்னும் ஸ்வல்ப பொரியல் என்று உபசாரம் தூள் பறந்தது. வந்தவரும் சளைக்காமல் சாப்பிட்டார். நடுநடுவே சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

கடைசியில் பாயசம். முதல் கரண்டியை வாங்கிக்கொண்டவர் இரண்டாவது கரண்டிக்கு இலையைக் கையால் மறைத்தார்.

"போதுமுங்க. வவுறு ரொம்பிப் போச்சு. ஏனுங்கம்மிணி, அவரைக் கூட்டியாரதுக்கு எப்பங்க கெளம்பறது?"

"எவரை?"

"உங்க தம்பியைத்தானுங்க."

கரண்டியிலிருந்த பாயசம் தரையில் கொட்டியது. அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"கிச்சாங்கறவருங்க. சபர்பன் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்காருங்க. காலைல பாலாத்துச் செக்போஸ்ட்டுல இருந்து என் வண்டீலதான் வந்தாரு. வூடு வரைக்கும் வாங்கன்னா, வரவே மாட்டேன்னுட்டாரு. அப்பாவுக்கு இன்னிக்குப் பொறந்தநாளு, நீங்க போயிக் கேட்டுட்டு வாங்க, பத்தரை பெங்களூரு பஸ்ஸுக்குள்ள நீங்க திரும்பி வந்தா வரச்சொல்லீட்டாங்கன்னு அர்த்தம், வரலீன்னா வேண்டாம்னுட்டாங்கன்னு அர்த்தம், அப்படின்னாருங்க. அப்பறம் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டாராமா."

"ஐயோ, இதை வந்தவுடனே சொல்லப்படாதா!"

"எங்கீங்க சொல்ல உட்டீங்க?" அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "பாயசமும் வடையுமா இருக்கறதப் பாத்து, தம்பி வந்த சேதி எப்படியோ உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சு போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க. வந்த ஆளுக்குச் சோறு போட்டுட்டு அப்பறம் போயிக் கூட்டியாரது உங்க வூட்டு மொறையாட்ட இருக்குதுன்னு பேசாம உண்டுட்டு இருந்தனுங்க."

"போன் பண்ணுங்கோ, உடனே போன் பண்ணுங்கோ!"

"இந்த ஊரு சிம்மே அவருகிட்ட இல்லீங்க. இருந்தாலும், வேண்டாம்ங்கறதப் போன்ல கேக்கத் தெம்பில்லீன்னாரு."

கடிகாரம் பத்து இருபதைத் தாண்டியிருந்தது. மஹதி பதினைந்து வருஷம் கழித்து வாசல் வரை வந்த தம்பியை, 'இன்னும் ஸ்வல்ப, இன்னும் ஸ்வல்ப' என்று தன் கையாலேயே துரத்திக்கொண்டிருந்திருக்கிறாள். கிரேக்கமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவன் கிடைத்தால் போதும். ஆனால் வீட்டுக்கு அழைத்து வர வேண்டுமென்றால் ஒருவர் சம்மதிக்க வேண்டும். அவள் பயந்துகொண்டே திரும்பினாள்.

"அப்பா..."

கணபதிராமன் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண் கடிகாரத்தின் மேல் இருந்தது.

"பத்து இருபத்திரண்டு. இன்னும் ஏன் நின்னுண்டிருக்கே? நான் இன்னொரு இலை போடறேன். கிளம்பு!" சாதம் ஒட்டிய வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வீசினார். ஆயிரம் ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டிய கை அது.

இலை போடுகிறேன் என்றாரே தவிர, இலைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவேன் என்று சொல்லவில்லை. அதை யோசிக்க நேரமும் இல்லை. மஹதி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

வந்தவரின் வண்டி தெருமுனையில் நின்றது. குட்டி யானை என்று ஊரே கூப்பிடுகிற சின்ன லாரி, பின்னால் வாழைத்தார். அது கிளம்பிய வேகத்தில் பூக்கடைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரம் போனாள். ஸ்கூட்டர்காரர்கள் திட்டினார்கள். மஹதி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "தாரி பிடி, தாரி பிடி!" என்று கன்னடத்தில் வழிவிடச் சொல்லிக் கத்தினாள். அக்ரஹாரம் சர்க்கிளைத் தாண்டியாயிற்று. இன்னும் கொஞ்ச தூரம்தான். வந்துவிட்டோம், வந்துவிட்டோம் என்று மனது தாவியபோது, ஹார்டிஞ்ச் சர்க்கிளில் வண்டி கிறீச்சென்று நின்றது.

குறுக்கே கயிறு. கயிற்றுக்குப் பக்கத்தில் போலீஸ். கயிற்றுக்கு அந்தப் பக்கம் யானை.

தசரா ஒத்திகை. முதுகில் மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு அரண்மனைக்குத் திரும்புகிற யானைகள். அவை எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆகவே ஆடி அசைந்து வந்தன. மேளம் காதைப் பிளந்தது. கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. வந்தவர் ஹார்னில் கையை வைத்தார். போலீஸ்காரர், யானை மிரண்டால் நீ பிடிப்பாயா என்று கன்னடத்தில் எகிறினார்.

"பிள்ளையாரப்பா, உனக்கு இன்னிக்குத்தானா ஊர்வலம் வேணும்?" மஹதி வாய்விட்டே சண்டை போட்டாள். "போன சதுர்த்திக்குக்கூடக் கொழுக்கட்டை பண்ணிப் போட்டேனே! அந்தக் கிரேக்க சாமிகள் எல்லாம் பக்தன் ஊர் திரும்பணும்னு காத்தைத் திருப்பி விடறா, மூடுபனியைக் கொண்டுவந்து மறைக்கறா. நீ என்னடான்னா வழியில வந்து நிக்கறே!"

பத்தரை அடித்து ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. போய்விட்டது. பஸ் போய்விட்டது, அவனும் போய்விட்டான். அவள் டாஷ்போர்டில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கி அழுதாள்.

"அம்மிணி. அம்மிணி! தலையத் தூக்கி அங்க பாருங்க!"

யானைக் கால்களுக்கு இடையில் தெரிந்தது. கயிற்றுக்கு எதிர்ப்பக்கம், இதே நெரிசலில், இவர்களைப் போலவே நகர முடியாமல் ஒரு சிவப்பு பஸ். நெற்றியில் பெங்களூரு என்ற பலகை.

"அதே பஸ்ஸுதானுங்க! மூணாவது ஜன்னலு, நீலச் சட்டை. அவருதான்!"

திட்டிக்கொண்டிருந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. யாரைத் திட்டினாளோ அவர்தான் பஸ்ஸைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். "தப்பு தப்பு" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு மஹதி வண்டியிலிருந்து குதித்தாள்.

மூன்றாவது ஜன்னலில் இருந்தவனை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. முன்மண்டை வழுக்கை, நரைத்த தாடி, எங்கேயோ வெறித்த பார்வை. வீட்டிலிருந்து போகும்போது வாரினாலும் படியாத சுருட்டை முடியோடு போனவன். "கிச்சா! டேய் கிச்சா!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். மேளச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. கையை வீசினாள். ஊரே யானையைப் பார்த்துக் கையை வீசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பாயசக் கரண்டி. அதைக் கீழே வைக்காமலே ஓடி வந்திருக்கிறாள்.

வீசினாள். கயிற்றின் மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு, எம்பி எம்பி, அந்தக் கரண்டியைத் தலைக்கு மேலே சுழற்றினாள். வெயில் அதில் பட்டுத் தெறித்தது. ஜன்னலில் இருந்தவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினான். பிடி வளைந்த பித்தளைக் கரண்டி. சின்ன வயதில் அதால் தேங்காய் உடைக்கிறேன் என்று வளைத்துவிட்டு அம்மாவிடம் அதே கரண்டியால் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். உலகத்தில் எத்தனையோ கப்பல் அடுப்படிகளைப் பார்த்திருப்பான், அப்படிக் கோணலான ஒரு கரண்டியை எங்கேயும் பார்த்திருக்கமாட்டான்.

அவன் எழுந்து நின்றான். பஸ் கூரையில் தலை இடித்தது.

கடைசி யானை கடந்தது. கயிறு தளர்ந்தது. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. கயிறு தரையில் விழும்வரை மஹதி பொறுக்கவில்லை, தாண்டி ஓடி பஸ்ஸுக்கு நேர் முன்னால் கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றுவிட்டாள். டிரைவர் பிரேக்கை மிதித்து, சாவதற்கு என் வண்டிதான் கிடைத்ததா என்று கத்தினார். மேலே கண்டக்டர் கத்தினார், கீழே போலீஸ் கத்தினார். இந்த ரகளைக்கு நடுவே கதவு திறந்தது. முதலில் ஒரு பை விழுந்தது, அதன் பின்னாலேயே கிச்சாவும் கீழே விழுகிற மாதிரி இறங்கினான்.



"கரண்டியோட வந்திருக்கியே அக்கா" என்றான் அவன்.

"பாயசம் பரிமாறிண்டிருந்தேன்டா."

"யாருக்கு?"

"தெரியாது. இன்னும் பேர் கேக்கலை."

அவ்வளவுதான், சிரிப்பும் அழுகையுமாக அவன் தோளில் சாய்ந்துவிட்டாள். பின்னால் வந்து நின்ற காக்கிச் சட்டைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "பழனிங்க. ஊரு ஹனூருங்க. இப்பச் சொல்லலாமில்லீங்க?"

"இவரும் முதல்ல என் பேரைக் கேக்கலை" என்றான் கிச்சா. "பாலாறு செக்போஸ்ட்ல பஸ் ரிப்பேராகி நின்னுண்டிருந்தேன். தூக்குவாளியைத் திறந்து பாதி களியை எனக்குப் போட்டுட்டு, ஏறுங்க போலாம்னார்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்பா என்ன சொன்னார்?"

"இலை போடறேன்னார்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

வீடு வரும்வரை கிச்சா பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இலை போட்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்த ஈரம்கூடக் காயவில்லை. அப்பா எதிரே நாற்காலியில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் நின்றவனை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மஹதி, கை கால் அலம்பிண்டு உட்காரச் சொல்லு."

கிச்சா உட்கார்ந்தான். பழனி நிலைப்படி ஓரமாக நின்றார். மஹதி பரிமாறினாள்.  சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று.  அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிச்சா இலையைப் பார்த்துச் சாப்பிட்டான், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவானோ, இதற்குத்தான் இந்த ஓட்டம் ஓடினோமோ என்று நினைத்துக்கொண்டே அவள் பாயசத்தை ஊற்றினாள்.

பாயசத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டான். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மஹதி. கடைசி வாய் உள்ள போயாச்சா?"

"ஆயித்துப்பா."

"அப்ப இனிமே கேக்கலாம், இல்லையா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா நிமிர்ந்தார். அப்போதுதான் முதல் தடவையாக எதிரே இருந்தவன் முகத்தைப் பார்த்தார், வழுக்கை, நரை எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தார்.

"நீ யாருப்பா? எந்த ஊரு? எந்தக் கப்பல்ல வந்தே?" என்றார்.  விட்டுப்போன கேள்வியை மறுபடி எடுத்துக்கொண்டார். "உன் அப்பா யாரு?"

கிச்சாவின் கண்ணிலிருந்து இலையில் சொட்டியது.

"கிச்சா. மைசூர், அக்ரஹாரம்." எச்சில் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கணபதிராமன் பிள்ளை."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"கையை அலம்பிண்டு உள்ள போ. எனக்குத் தொண்டை வறண்டு கிடக்கு. ஒரு டம்ளர் ஜலம் கொண்டா."

மஹதி எடுக்கப் போனாள். அப்பா அவளைக் கை காட்டி நிறுத்தினார். கிச்சா உள்ளே போனான். அடுப்படியில் டம்ளர் உருளுகிற சத்தம் கேட்டது. விளிம்பு தளும்ப எடுத்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினான். அப்பா இரண்டு கையாலும் வாங்கி, அடிவரைக்கும் குடித்தார்.

குடித்துவிட்டு வெறும் டம்ளரை அவனிடமே நீட்டினார்.

"இன்னொண்ணு" என்றார்.